வெயிலூரில் குறைந்துபோன வைட்டமின் டி

டொராண்டோவிலிருந்து கிளம்பும்போது என் பெட்டியில் பாதி வைட்டமின்தான். மாமாவுக்கு 300 மாத்திரை இருக்கும் மல்டிவைட்டமின் டப்பா, வைட்டமின் சி 1000 மில்லிகிராம், கிரீன் டீ நாலு பாக்கெட், அத்தைக்கு முடி கொட்டாமல் இருக்க பயோட்டின். ரத்தப் புற்றுநோய் வந்த மனிதருக்கு உடம்பில் தெம்பு வேண்டாமா என்று நானே முடிவு செய்து வாங்கியவை.

மாமா குடியாத்தத்தில் இருக்கிறார். கைலித் தறியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். போன ஆடியில் முதுகுவலி என்று போய், மைலோமா என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும் நோய் அது. வாரம் ஒருமுறை பஸ் ஏறி வேலூர் போய் வயிற்றில், அந்த நோய்க்கான போர்டிசோமிப் என்ற ஊசியைப் போட்டுக்கொண்டு வருகிறார்.

நான் போன இரண்டாம் நாளே, வீட்டுக்கே வந்து எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லிவிட்டோம். இந்தச் சேவையைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒன்டாரியோவில் தக்க மருத்துவக் காரணம் இல்லாமல் வைட்டமின் டி பார்த்தால் அரசுக் காப்பீடு பணம் தராது. குடும்ப டாக்டரைப் பிடித்துச் சீட்டு வாங்குவதற்குள் குளிர்காலமே போய்விடும். இங்கே ஒரு போன்தான். காலை ஆறரைக்கு பைக்கில் ஒரு தம்பி வந்தான், வலிக்காமல் ரத்தம் எடுத்தான், "சாயந்திரம் வாட்ஸப்ல வந்துரும்க்கா" என்றான். வந்தது. ஆனால் எண்பது சொச்சம் சோதனைகளின் பட்டியலாக வந்தது. அதில் வைட்டமின் டி 22, பக்கத்தில் சிவப்பில் கொட்டை எழுத்தில் 'குறைவு'. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

"உனக்கு எவ்ளோம்மா?" என்றார் மாமா. போனில் பார்த்து 55 என்றேன். "இன்னாம்மா இது, பனியில கெடக்கிற உனக்கு 55, வெயிலூர்க்காரன் எனக்கு 22தானா?" அன்று முழுக்க அத்தையிடம் இதே பேச்சு. எனக்கும் உறைக்க ராத்திரி ஆயிற்று. கனடாவில் லிட்டருக்கு நானோமோல் கணக்கு. இங்கே மில்லிலிட்டருக்கு நானோகிராம். இங்கத்து எண்ணை இரண்டரையால் பெருக்கினால் அங்கத்து எண். 22 இரண்டரை 55. இரண்டு பேருக்கும் ஒரே அளவு! பனியும் வெயிலும் ஒன்றாகப் போனதில் அதிசயமில்லை. தறிக்குழிக்குள் இருப்பவருக்கு ஏது வெயில்? வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் உச்சிப்பொழுதை ஒட்டித்தான் வலுவாக விழும். அந்த நேரத்தில் வேலூர்ப் பக்கம் யார் தெருவில் நிற்கிறார்கள்?

வினை அதற்கப்புறம்தான். ரிப்போர்ட்டோடு மாமா நேரே ஒரு மருந்துக் கடைக்குப் போனார். சீட்டும் கேட்கவில்லை, நோயும் கேட்கவில்லை, 60,000 யூனிட் காப்ஸ்யூல் இரண்டு அட்டை கொடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒன்று போட வேண்டிய சரக்கு. கடைப் பையன் கவரில் 1-0-0 என்று எழுதியிருந்தான். நம் ஊரில் 1-0-0 என்றால் தினமும் காலையில் ஒன்று. மாமா எழுத்து தப்பாமல் ஐந்து நாள் போட்டார். மூன்று லட்சம் யூனிட். ஆறாம் நாள் அட்டையைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். மைலோமாவோ எலும்பை அரித்துத் தானே கால்சியத்தை ஏற்றிவிடக்கூடிய நோய். ஏறினால் கிட்னிக்குக் கேடு.

மறுநாள் ஊசி நாள். மஞ்சப்பையில் வீட்டிலிருந்த எல்லா மருந்தையும், நான் கொண்டுவந்ததையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போனோம். மூன்று மணி நேரக் காத்திருப்பு. வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வரிசையில் இருக்கும்போது, ஒரு மணி நேரத்தில் வந்த நாம் முணுமுணுக்க முடியாது. பக்கத்தில் திருப்பத்தூர்க்கார அம்மா ஒருவர், மகனுக்கு லுகேமியா, அதுவும் ஒரு ரத்தப் புற்று. "சத்து மாத்திரைன்னு ஃபோலிக் ஆசிட் வாங்கிக் குடுத்துடாதீங்கன்னு எங்க டாக்டர் சொல்லிட்டாங்க" என்றார். பையனுக்கு மெத்தோட்ரெக்சேட் ஓடுகிறது. அந்த மருந்தின் வேலையே செல்லுக்கு ஃபோலிக் அமிலம் உதவாமல் தடுப்பதுதான். 1940-களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ஃபோலிக் அமிலம் கொடுத்தால் குழந்தைகளின் லுகேமியா இன்னும் வேகம் பிடிப்பதைக் கவனித்து, அதற்கு எதிர்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அந்த எதிர்மருந்தைச் செய்து தந்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

டாக்டர் அம்மா பையைக் கவிழ்த்தார். மேஜையிலேயே இரண்டு குவியல். வைட்டமின் சி, கிரீன் டீ இரண்டும் ஒரு பக்கம் போயின; போர்டிசோமிப்பின் வேலையை இவை கெடுக்கும் என்று ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறதாம். மல்டிவைட்டமினில் பி6 அதிகம். அது மிஞ்சினால் நரம்பு மரக்கும். இந்த ஊசியே கால்களை மரக்க வைக்கிறது, இரண்டும் சேர்ந்தால் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும் அந்தப் பக்கம். பயோட்டினைத் தூக்கிப் பார்த்து, "இது யாருக்கு? தைராய்டு டெஸ்டுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லுங்க, ரிசல்ட் தப்பா வரும்" என்றார். என் பெட்டிச் செலவு அத்தனையும் ஒரே நிமிஷத்தில் போனது.

வைட்டமின் டி-யை மட்டும் அவர் ஒதுக்கவில்லை. எலும்பு அரிக்காமல் இருக்க ஸோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை ஏற்றப் போகிறார்கள். அதற்கு முன் வைட்டமின் டி போதுமான அளவு இல்லாவிட்டால் கால்சியம் திடீரென்று இறங்கிவிடும். எனவே குறையைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் அவர் சொல்லும் அளவில்.

"22-ஐ நாற்பதாக்கினால் நோயும் அடங்குமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். 2011-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனைக் குழு, இன்னொரு வகை ரத்தப் புற்றான நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியாவில் 390 பேரைப் பார்த்தது. வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்குச் சீக்கிரமே சிகிச்சை தொடங்க வேண்டியிருந்தது, ஆயுளும் குறைந்தது. இதைத்தான் எல்லோரும் பரப்புகிறார்கள். ஆனால் மெதுவாக வளரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று உள்ளவர்களுக்குத் தினம் 2000 யூனிட் கொடுத்துப் பார்த்த சோதனையில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு நோய் ஒன்றும் அதிகம் அடங்கவில்லை. நோய் முற்றினால் ஆள் வெளியே போவதில்லை, சாப்பிடுவதில்லை. அளவு தானாக இறங்கும். அப்போது குறைந்த எண் நோய்க்குக் காரணமா, நோயின் நிழலா?

கால்சியமும், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் அன்றே பார்த்தார்கள், நல்லவேளை சரியாக இருந்தன. ஒரு மாதம் காப்ஸ்யூலே வேண்டாம், அப்புறம் மாதத்துக்கு ஒன்று என்று டாக்டர் கவரில் தமிழிலேயே எழுதி, கீழே கோடும் போட்டுக் கொடுத்தார். மாமா அதைத் தினசரி காலண்டர் அட்டையிலேயே குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார்.

கிரீன் டீயை நானே திருப்பிக் கொண்டுவந்தேன். பயோட்டினை மட்டும் அத்தை கொடுக்க மறுத்துவிட்டார்.