மாருதி ஜிப்ஸி ஜீப்புக்கு பழைய டெயில் கேட் (பின்கதவு) ஆன்லைன்ல வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு பணம் போடுங்க

நேத்து சாயங்காலம் நடந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கல. 18,500 ரூபா போச்சு.

எங்களோடது 98 மாடல் ஜிப்ஸி கிங், சாஃப்ட் டாப், கோத்தகிரில தோட்டத்துக்குன்னு அப்பா வாங்கினது. பச்சத்தேயிலை மூட்டைய ஈரத்தோட ஏத்தி ஏத்தி, ரெண்டு பருவமழையும் மஞ்சுமூட்டமும் சேர்ந்து, டெயில் கேட் அடி மடிப்புல தண்ணி நின்னு உள்ளருந்தே துரு தின்னுடுச்சு. தண்ணி வடியற ஓட்டை மண்ணால அடைச்சிருந்தத நாங்களும் கவனிக்கல. ஸ்டெப்னி தொங்கறதே அந்தக் கதவுலதான், வெயிட் தாங்காம கீல் பக்கம் தகரம் கிழிஞ்சு போன மாசம் குஞ்சப்பனை எறக்கத்துல தானா தொறந்துகிச்சு. பின்னாடி பைக் எதுவும் வரல, சாமி புண்ணியம்.

மாருதி ஜிப்ஸிய நிறுத்தி வருஷமாச்சு, அதனால பழைய சாமான் விக்கற ஒரு ஆப்ல தேடினேன். ஒருத்தன் "மிலிட்டரி ஏலத்து வண்டி கதவுண்ணா, ஒரிஜினல் தகரம், துரு துளி கெடையாது"ன்னான். நான் உடனே நம்பல. வீடியோ கால் போட்டான், கதவ தட்டிக் காட்டினான், கணீர்னு சத்தம். அப்புறம் சொன்னான், "நானும் குன்னூர்ல ரெண்டு வருஷம் வேல பாத்தவன்ணா, உங்க ஊரு மழை தெரியாதா, உங்களுக்கு மோசமானத அனுப்புவனா?" அந்த ஒரு வார்த்தைலதான் விழுந்தேன். உள்பக்கம் காட்டுன்னு கேட்டேன், சிக்னல் இல்லன்னு கட் பண்ணிட்டான், அப்பவே நிறுத்தியிருக்கணும். 18,500 மொத்தமும் ஜிபேல போட்டேன்.

மேட்டுப்பாளையம் லாரி ஆபீஸுக்கு 33 கிலோமீட்டர் எறங்கிப் போய், வாடகை 900 கட்டி எடுத்துட்டு வந்தேன். டிங்கர் அண்ணன் சாக்க பிரிச்சு வெரல்ல தட்டிப் பாத்தார், டொக்குனு சத்தம். ஸ்பீக்கர் காந்தத்த அடிப்பக்கம் வெச்சார், ஒட்டல, கீழ விழுந்துச்சு. சொரண்டினா வெரல் தடிமனுக்கு பட்டி (ஓட்டைய மறைக்க பூசற பசை), உள்ள சல்லடையா ஓட்டை, மேல புது கருப்பு பெயிண்ட். "தம்பி, இதுல ஸ்டெப்னி மாட்டினா முதல் வளைவுலயே கையோட வந்துரும்"னார்.

போன் பண்ணேன். மொதல்ல "லாரில அடிபட்டிருக்கும், அவங்கள கேளுங்க". அடிபட்டா பட்டி மொளைக்குமாடா? அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல, காலைல கூப்பிடறேன்". காலைல பிளாக். ஆப்ல புகார் குடுத்தா, பணம் எங்க வழியா வரல, விக்கறவர்கிட்டயே பேசிக்குங்கன்னு ஒரே பதில், மூணு தடவ. 18,500 ரூபாங்க, ஒரு சீசன் மருந்தடிக்கற கூலி அது.

வாங்கறவங்க அடி மடிப்பும் கீல் ஓட்டையும் உள்பக்க போட்டோ இல்லாம பேசவே பேசாதீங்க, காந்தம் கொண்டு போங்க, நேர்ல பாக்காம முழுப் பணம் போடாதீங்க. ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்பிடுங்க, நான் இன்னிக்கு காலைல பதிஞ்சிருக்கேன். இன்னும் நெறைய எழுதணும்னுதான் ஒக்காந்தேன், முடியல.

பழைய கதவு அடிய மட்டும் வெட்டி புதுத் தகரம் வெச்சு வெல்டிங் பண்ணியிருக்கலாம்னு டிங்கர் அண்ணன் இப்பதான் சொல்றார். அத போன வாரமே எடைக்கு போட்டுட்டேன். உடைக்காம வெச்சிருக்காங்களான்னு இரும்புக்கடைக்கு கெளம்பறேன்.