முதல் கப்பல் டைவ் எங்கே: துலம்பெனா, ஹிக்கடுவையா, கல்குடாவா?

ஸ்கூபா டைவிங்கின் தொடக்கப் பயிற்சியான ஓபன் வாட்டர் கோர்ஸ் முடித்த கையோடு பலருக்கும் வருகிற ஆசை, மூழ்கிய கப்பல் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான். நம் பக்கத்திலிருந்து சுலபமாகப் போகக்கூடியவை மூன்று: பாலியின் துலம்பெனில் கிடக்கும் லிபர்டி, இலங்கையில் ஹிக்கடுவை பக்கம் காஞ்ச், அதே இலங்கையின் கிழக்கே கல்குடாவில் பிரிட்டிஷ் சார்ஜண்ட். மூன்றிலும் தண்ணீர் வெதுவெதுப்பு. மற்றபடி மூன்றும் மூன்று ரகம்.

முதலில் ஆழத்தைப் பாருங்கள், மீனைப் பிறகு பார்க்கலாம். ஓபன் வாட்டர் அட்டைக்கு 18 மீட்டர்தான் எல்லை. காஞ்ச் 21 மீட்டர் வரை இறங்குகிறது, சார்ஜண்ட் கிடப்பது ஏறக்குறைய 24-இல். லிபர்டியோ 5 மீட்டரிலேயே தொடங்கி 30 வரை சரிவாகப் போகிறது, உங்களுக்குத் தோதான இடத்தில் நின்றுகொள்ளலாம். 20 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 3 மடங்கு, அதனால் கரையில் ஒரு மணி நேரம் வரும் காற்று அங்கே 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். புதிதாகப் போகிறவர் பதற்றத்தில் வேக வேகமாக இழுக்கிற மூச்சுக்கு அதுகூடத் தாங்காது.

லிபர்டியின் கதையே தனி. பெயரைப் பார்த்து இரண்டாம் உலகப் போரில் வரிசையாகக் கட்டித் தள்ளிய லிபர்டி ரகக் கப்பல் என்று பலர் எழுதிவைத்திருக்கிறார்கள்; தப்பு, இது 1918-லேயே கட்டப்பட்ட சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் லொம்பொக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோ அடித்தது. இழுத்துக்கொண்டு போனார்கள், முடியவில்லை, துலம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். 21 வருடம் அங்கேயே கிடந்ததை 1963-இல் ஆகூங் எரிமலை குமுறியபோது வந்த அதிர்வு கடலுக்குள் தள்ளியது. கரையிலிருந்து நடந்தே இறங்கிவிடக் கூடிய தூரத்தில் அது கிடப்பதற்கு அந்த எரிமலைதான் காரணம்.

ஆனால் அந்த நடை லேசானதல்ல. கரை முழுக்க உருண்டைக் கல். முதுகில் சிலிண்டரோடு நான் இரண்டு தடவை வழுக்கி விழுந்து எழுந்த நேரத்தில், ஊர்ப் பெண்கள் தலையில் சிலிண்டரை வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதுபோல் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னொரு தொல்லை, கூட்டம். தெற்கு பாலியிலிருந்து வண்டிகள் வந்து இறங்கிவிட்டால் மீனைவிட மனிதர்களே அதிகம். முதல் நாளே ஊரில் தங்கி விடியற்காலையில் இறங்கினால் பெரிய தலைக் கிளிமீன் கூட்டத்தையும் பாரை மந்தையையும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

காஞ்ச், ஷெல் நிறுவனத்தின் ஆரம்பகால எண்ணெய்க் கப்பல்களில் ஒன்று, 1903-இல் பாறையில் மோதி மூழ்கியது. படகில்தான் போக வேண்டும். கப்பல் உடைந்து துண்டு துண்டாகக் கிடக்கிறது, கொதிகலன்தான் பார்க்க வேண்டியது. அன்றைக்குத் தண்ணீர் தெளிந்திருந்தால் அருமை, கலங்கியிருந்தால் இரும்பைத் தடவிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். எனக்கு வாய்த்தது இரண்டாவது.

சார்ஜண்ட், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல். ஆள் நடமாட்டம் குறைவு, மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் முதல் டைவுக்குச் சொல்ல மாட்டேன். அடுத்த நிலைப் பயிற்சியான அட்வான்ஸ்டு முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே காற்று மானியைப் பார்க்கும் பழக்கம் வந்தபிறகு போங்கள்.

ஆக, புதியவர் என்றால் துலம்பென், யோசிக்கவே வேண்டாம். இலங்கைக்குத்தான் டிக்கெட் என்றால் மாதம் பார்த்து முடிவெடுங்கள்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்குக் கடல் அமைதி, மே முதல் செப்டம்பர் வரை கிழக்கு. மாற்றிப் போனால் கரையில் உட்கார்ந்து அலையை எண்ணலாம். அப்புறம், கல்குடா வரை போயாயிற்றே, சார்ஜண்ட் மூழ்கிய அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸையும் பார்த்துவிடலாமா என்று படகுக்காரரிடம் கேட்காதீர்கள். அது மட்டக்களப்புக்கு வெளியே 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, அதற்குப் பயிற்சியே வேறு.