கிளையண்ட்டிடம் எதில் பேசுவது: போனா, மெயிலா, வாட்ஸாப்பா, கூகுள் டாக்ஸா?

பிரோஷர், வெப்சைட், விளம்பர வாசகம், நிறுவன மலர் என்று அடுத்தவருக்காக எழுதிச் சம்பாதிக்கிறவர்களுக்கு வேலையில் பாதி பேச்சுதான். என்ன வேண்டும் என்று கேட்கவேண்டும், எழுதியதை விளக்கவேண்டும், திருத்தம் வாங்கவேண்டும், கடைசியில் காசும் கேட்கவேண்டும். நான்கையும் ஒரே வழியில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போதெல்லாம் அந்த வழி பெரும்பாலும் வாட்ஸாப்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷயத்தைக் கறக்க போன், முடிவானதைப் பதிய மெயில், திருத்தத்துக்கு டாக்ஸ். 'அனுப்பிட்டேன்', 'பார்த்தாச்சா' என்பதற்கு வாட்ஸாப் போதும்.

போனுக்கு ஈடு எதுவும் இல்லை என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் ஒருவர் பிரோஷர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்விகளை வரிசையாகப் போட்டு மெயிலில் அனுப்பினால் 'தரம், நம்பிக்கை, உடனடி சேவை' என்று பதில் வரும். அதை வைத்து எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் பிரோஷர் எழுதலாம். அதே மனிதரை போனில் பிடித்தால் பேச்சு இப்படிப் போகும்:

"யாருங்க சார் வாங்குறாங்க?"

"விவசாயிங்கதாங்க தம்பி."

"அவங்களே வந்து இந்த பம்ப்புதான் வேணும்னு கேப்பாங்களா?"

"எங்கீங்க! மோட்டார் காயில் கட்டுற மெக்கானிக் எதச் சொல்றாரோ அதத்தான் வாங்குவாங்க. நம்மளுது வோல்டேஜ் கம்மியானாலும் ஓடும்னு அவங்களுக்குத் தெரியும்."

பிரோஷரைப் படிக்கப்போவது விவசாயி அல்ல, மெக்கானிக். முதல் பக்கத்தில் வரவேண்டியது 'தரம்' அல்ல, வோல்டேஜ் இறங்கினாலும் காயில் தாங்கும் என்பது. இரண்டும் அரை நிமிடப் பேச்சில் கிடைத்துவிட்டன. எந்தப் படிவத்திலும் இது வராது. கேள்விக்குப் பக்கவாட்டில் வரும் பதில் இது. டிராஃப்ட்டைப் படித்துவிட்டு "நல்லாத்தாங்க இருக்கு..." என்று அவர் இழுப்பதும் போனில்தான் காதில் விழும். அந்த இழுவைக்குப் பின்னால் ஒரு 'ஆனா' இருக்கிறது. அங்கேயே கேட்டுவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

போனின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பேசியது நிற்காது. 'ரெண்டு பக்கம் கூடச் சேத்துத் தர்றேன்னு சொன்னீங்களே' என்றால் மறுக்க ஆதாரம் இல்லை. தொகையை மட்டும் போனில் சொல்லவே கூடாது. "கணக்குப் போட்டு மெயில்ல அனுப்புறேங்க சார்" என்று தள்ளிவிடுவது நல்லது.

வீடியோ அழைப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒருவரிடம் பேச போனே போதும். முடிவெடுப்பவர்கள் மூன்று பேர் என்றால், யார் தலையாட்டுகிறார், யார் ஆட்டவில்லை என்று பார்க்க உதவும். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் துண்டிக்கப்படுவதை நான் வரம் என்றே நினைக்கிறேன்.

மெயில் பேசுவதற்கான இடம் இல்லை, பேசியதை இறக்கி வைக்கும் இடம். போன் வைத்த அன்றே இப்படி ஒன்று போகவேண்டும்:

"வணக்கம் சார். இன்று பேசியது: 8 பக்க பிரோஷர், தமிழில் மட்டும். முதல் டிராஃப்ட் 12-ஆம் தேதி. இரண்டு முறை திருத்தம் இந்தத் தொகைக்குள் அடங்கும், அதற்கு மேல் தனி. வாரண்டி விவரமும் வோல்டேஜ் அளவுகளும் 6-ஆம் தேதிக்குள் உங்களிடமிருந்து வேண்டும். உங்கள் தரப்புத் திருத்தங்களை ஒருவரே தொகுத்து அனுப்பினால் நல்லது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்."

இதில் உயிர்நாடி, திருத்தங்களை ஒருவரே தொகுக்கவேண்டும் என்ற வரி. அது இல்லாவிட்டால் அப்பா ஒன்று சொல்வார், எம்பிஏ படித்துவிட்டு வந்த மகன் வேறொன்று சொல்வார், நடுவில் நாம்.

எழுத்தில் இருப்பதற்குச் சட்ட பலமும் உண்டு. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கும் ஃப்ரீலான்ஸர் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி ஒரு சப்ளையர். வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வராவிட்டால் ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அதிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கமுடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. பதினைந்தாயிரத்துக்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்பது நிஜம். ஆனாலும் ஒப்படைத்த தேதி மெயிலில் பளிச்சென்று இருந்தால் பேச்சின் தொனியே மாறும். அப்புறம் காப்பிரைட், அதாவது எழுத்தின் பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை மாற்றித் தருவதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் எத்தனை என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கொள்ளப்படும். போனில் "எல்லா உரிமையும் எங்களுக்குத்தான்" என்றதெல்லாம் செல்லாது.

வாட்ஸாப்பில் பிரச்சினை வேகம் அல்ல, சிதறல். வாய்ஸ் நோட் நான்கு, வட்டம் போட்ட படம் ஒன்று, நடுவில் ஒரு குட் மார்னிங் பூ, அதற்குக் கீழே 'அந்த மூணாவது லைன் மாத்திடுங்க'. எந்த டிராஃப்ட்டின் மூன்றாவது வரி? அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம், இரண்டு நாள் கழித்துக்கூட எல்லோருக்கும் சேர்த்து அழிக்கலாம் என்பதால் பதிவு என்ற வகையிலும் அது சவலைப்பிள்ளை.

சரி, மெயிலே திறக்காத கிளையண்ட்டை என்ன செய்வது? ஈரோடு, சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் வியாபாரம் முழுக்க வாட்ஸாப்பில் நடத்துகிறவர்கள் ஏராளம். அவர்களிடம் மெயிலுக்காக அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை. மேலே உள்ள மெயிலை ஒரே நீளச் செய்தியாக அங்கேயே போட்டு, அதற்கு ரிப்ளையாக ஒரு 'சரிங்க' வாங்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். மின்னணுப் பதிவையும் எழுத்தாக ஏற்கிறது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம்.

திருத்தத்துக்கு கூகுள் டாக்ஸ்தான். ஆனால் 'கமெண்ட் மட்டும்' அனுமதியோடு கொடுக்கவேண்டும். எடிட் அனுமதி கொடுத்தால் நேராக உள்ளே புகுந்து மாற்றிவிடுவார்கள். பழையதை வெர்ஷன் ஹிஸ்டரியில் தோண்டியெடுக்கவேண்டும். டாக்ஸ் பழகாதவர் பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனாவில் எழுதி போட்டோ அனுப்பினால் அதையும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளலாம். வாய்ஸ் நோட்டைவிட நூறு மடங்கு தெளிவு. தமிழில் ஒரு கூடுதல் தொல்லை: அச்சுக்குப் பக்கம் அமைக்கும் டிடிபிக்காரர், நாம் தட்டச்சு செய்த யூனிகோடை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்துகள் உதைக்கும். டாக்ஸில் ஓகே ஆனதோடு நிற்காமல், அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பையும் ஒருமுறை வாசிக்கவேண்டும்.

சொந்தமாக எழுதி வாசகரைச் சேர்ப்பவர்களுக்கு இதே தேர்வு வேறு மாதிரி விழுகிறது. வாட்ஸாப் பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைச் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும். சேனலில் எண்ணிக்கைத் தடை இல்லை, ஆனால் வாசகர் இதயம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஃபேஸ்புக் கமெண்ட்டில் பதில் உண்டு, சண்டையும் உண்டு. மெயில் மடலுக்குத் தமிழில் வாசகர் குறைவு. இருந்தாலும் பதில் எழுதுகிறவர் பத்தி பத்தியாக எழுதுவார். எனக்குப் பிடித்தது அதுதான்.

பணம் கேட்கும்போது மட்டும் வரிசை தலைகீழாகும்: முதலில் மெயிலில் இன்வாய்ஸ், ஒரு வாரம் கழித்து போன். அதுவும் முதலாளிக்கு அல்ல, அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு. 'பேமென்ட் எப்ப வரும்' என்று ஆரம்பித்தால் 'சார் ஊர்ல இல்ல' என்பார்கள். "இன்வாய்ஸ்ல ஏதாவது குறை இருக்குங்களா மேடம்?" என்று கேட்டால், "பான் நம்பர் போடலையே சார், டிடிஎஸ் வரி பிடிக்கணும்ல" என்று உண்மையான காரணம் வெளியே வரும்.