சேசிஸுக்குள் மெழுகு அடித்ததாகச் சொல்லி 38,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். குறிப்பாக ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பழைய ஜீப் போல சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) தனியாக உள்ள வண்டிக்காரர்கள். எனக்கு 38,500 ரூபாய் போய்விட்டது. கூடவே சேசிஸில் ஒரு பகுதியும் போய்விட்டது. எப்படி ஏமாறாமல் இருப்பது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது 1969ஆம் ஆண்டு ஹெரால்டு. நான்கு கதவு, மெட்ராஸில் தயாரானது, அப்பா ஓட்டிய வண்டி. வீடு திருவான்மியூரில் இருப்பதால் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி கூடத் தாங்குவதில்லை. ஹெரால்டின் மேல்பாகம் துருப்பிடித்தால் கழற்றி மாற்றலாம், பெரும்பாலும் போல்ட் போட்டு மாட்டியதுதான். வண்டியின் உயிர் அடியில் இருக்கும் சேசிஸில். அது உள்ளே காலியான இரும்புப் பெட்டிச் சட்டம். ஒருமுறை சேறும் ஈரமும் உள்ளே புகுந்துவிட்டால் காய்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வரும், வெளியில் பெயிண்ட் அப்படியே இருக்கும். சட்டத்திலிருந்து பக்கவாட்டில் கை போல நீட்டிக்கொண்டிருக்கும் அவுட்ரிக்கர்கள்தான் முதலில் போகும். பாடி அவற்றின் மேல் உட்கார்ந்திருப்பதால் அவை இற்றுப்போனால் கதவுகூட ஒழுங்காகச் சாத்தாது. அதனால்தான் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஈரம் இரும்பில் படாதபடி உள்பக்கம் மெழுகு அடித்துவிட வேண்டும் என்று ஆள் தேடினேன்.

கிடைத்தது, பழைய கார்களை மட்டும் புதுப்பிப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு பட்டறை. உரிமையாளர் பேசியதை இப்போது நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது. வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். ஒவ்வொரு அவுட்ரிக்கரையும் விரல் கணுவால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். “சார், சட்டம் நல்லா இருக்கிறது, இப்போது அடித்தால் பிழைக்கும்” என்றார். பிறகு ஒரு நீளமான மெல்லிய குழாயைக் கொண்டுவந்தார். முனையில் சுற்றிலும் பொடி ஓட்டைகள். அதை ஓர் அட்டைப் பெட்டிக்குள் விட்டு அடித்துக் காட்டி, பெட்டியைப் பிரித்தார். நான்கு பக்கமும் பழுப்பு நிறத்தில் மெழுகு சீராகப் படிந்திருந்தது. “உங்கள் சேசிஸுக்குள்ளும் இப்படித்தான் இருக்கும்.” தண்ணீர் விட்டு உள்ளே கழுவுவோம், நன்றாகக் காயவைப்போம், அதன்பிறகே அடிப்போம் என்று வரிசையாகச் சொன்னார். வேலை தெரிந்தவர் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொன்னார். 38,500 ரூபாயையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

வண்டி திரும்பி வந்தபோது அடிப்பாகம் முழுவதும் கன்னங்கரேலென்று புதுப் பூச்சு. பில்லில் “உள்பக்க மெழுகுப் பூச்சு” என்று தெளிவாக எழுதியிருந்தது.

மழை முடிந்தது. பிரேக் வேலைக்காக வண்டியை எங்கள் தெரு மெக்கானிக்கிடம் விட்டேன். சேசிஸின் அடியில் தண்ணீர் வடிவதற்கு இருக்கும் ஓட்டைகளைக் காணவில்லையே என்றார் அவர். எல்லாவற்றையும் அந்தக் கறுப்புப் பூச்சு அடைத்திருந்தது. ஓர் ஓட்டையில் அவர் கம்பியை விட்டுக் குத்தினார். செம்பழுப்புத் தண்ணீர் அவர் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை ஓடியது. அதோடு துருச் செதில்களும் விழுந்தன. செல்போனில் இணைக்கும் குழாய் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு மெழுகு இல்லை. வெறும் துரு, அதன்மேல் ஈரச் சேறு. பின்பக்க அவுட்ரிக்கரில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், அப்பளம் போல் உள்ளே போய்விட்டது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால்கூட அந்தத் தண்ணீர் வடிந்து போயிருக்கும். 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றே போன் செய்தேன். முதலில் “அந்த வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான்” என்றார்கள். அப்புறம், மெழுகு வெயிலில் உருகி வடிந்திருக்கும் என்றார்கள். வடிவதற்கு ஓட்டையே இல்லாமல் எப்படி வடியும் என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார்கள். நேரில் போனால் உரிமையாளர் வெளியே போயிருக்கிறார், அவருடைய கார் மட்டும் வாசலிலேயே நிற்கிறது. கேமராவில் எடுத்த வீடியோவை அனுப்பினேன். வந்த பதில்: “ஐம்பது வருஷ வண்டி சார், துரு இருக்கத்தான் செய்யும்.” துரு வரக் கூடாது என்றுதானே ஐயா 38,500 ரூபாய் கொடுத்தேன்? இப்போது என் எண்ணையே தடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஏமாறாமல் இருக்க, முதலில் சொன்னபடி என் ஆலோசனைகள். விரிவாக எழுதும் மனநிலையில் இல்லை, இவற்றை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே கறுப்புப் பூச்சு அடிப்பதும் உள்ளே மெழுகு அடிப்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவதைக் காட்டி இரண்டாவதற்குப் பணம் கேட்பார்கள். அடிப்பதற்கு முன்னும் பின்னும் சேசிஸுக்குள் கேமரா விட்டு எடுத்த வீடியோ கொடுத்தால்தான் பணம் என்று சொல்லுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளை வண்டி எடுக்கும்போதே கம்பி விட்டுப் பாருங்கள். வெல்டிங் வேலை இருந்தால் மெழுகுக்கு முன்பே முடித்துவிடுங்கள், மெழுகு தீப்பிடிக்கும். சட்டத்துக்குள் ஃபோம் நிரப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில்லும் வீடியோவும் கையில் இருக்கின்றன. இதே அட்டைப் பெட்டி வித்தையைக் காட்டி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால் பில்லோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே கொடுப்போம்.