மரம் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டிய அரண்மனை: சியோலில் ஒரு வழிகாட்டிச் சுற்று

பாம்பனில் 38 வருடமாக வள்ளம் கட்டுகிறேன். அப்பாவும் ஓடாவி (வள்ளம் கட்டும் தச்சர்), தாத்தாவும் ஓடாவி. மகள் கொரியாவில் சுவோன் நகரத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். போன வருடம் ஐப்பசியில் மூன்று வாரம் அவளோடு தங்கிவிட்டு வந்தேன். அங்கே பார்த்ததில் இன்னும் மனதை விட்டு இறங்காமல் இருப்பது சியோலில் உள்ள சாங்டியோக்குங் அரண்மனை. நம் பக்கத்தில் இருந்து பிள்ளைகளைப் பார்க்கக் கொரியா போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஒரே நாளில் நாலு இடம் என்று சொன்ன ஒரு பேருந்துச் சுற்றுலாவில் பணம் கட்டிப் போனோம். அரண்மனை வாசலில் இறக்கிவிட்டு, 40 நிமிடத்தில் திரும்பி வந்துவிட வேண்டும் என்றார்கள். வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். ஒரு தூணைக்கூட நின்று பார்க்கவில்லை. அடுத்து ஜின்செங் என்ற மருந்து வேர் விற்கிற கடையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இவ்வளவு மரத்தை இழைத்து நிறுத்தியவன் எவனோ, அவன் வேலையைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று உறுத்தியது. மகளிடம் சொன்னேன். "அப்பா, அரண்மனைக்காரங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்க. அதுல போவோம்" என்றாள்.

அரண்மனைக்கு 3,000 வோன், பின்தோட்டத்துக்குத் தனியாக 5,000 வோன். இரண்டும் சேர்த்து நம் காசுக்கு 500 ரூபாய் சுமார். அரண்மனை வழிகாட்டியாக ஒரு பெண் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார், மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

1405இல் ஜோசியோன் வம்சத்து அரசர் தேஜோங் கட்டியது இந்த அரண்மனை. கியோங்போக்குங் என்ற பெரிய அரண்மனை ஏற்கெனவே இருக்க, இது இரண்டாவது. 1592இல் ஜப்பானியர் படையெடுத்தபோது சியோலில் இருந்த அரண்மனைகள் எல்லாம் எரிந்தன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் திருப்பிக் கட்டினார்கள். பெரிய அரண்மனையோ இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் சாம்பல்மேடாகவே கிடந்தது. அதனால் அவ்வளவு காலமும் இதுதான் தலைமை அரண்மனை. 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அரியணை மண்டபம் வெளியே இருந்து பார்த்தால் இரண்டு மாடி. உள்ளே எட்டிப் பார்த்தால் தரையில் இருந்து மேல் விதானம்வரை ஒரே கூடம். முற்றத்தில் இரண்டு வரிசையாகக் கல் நட்டு, எந்தப் பதவிக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அந்தக் கல்லைப் படம் பிடித்தார்கள். என் கண் கூரையின் மூலைக்குப் போனது.

நேர்ச்சுவரில் கைமரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன. மூலைக்கு வந்ததும் விசிறி விரித்த மாதிரி பிரிகின்றன. இதில் ஒவ்வொரு கைமரத்தின் சரிவும் வேறு, அடிப்பக்கம் சீவுகிற கோணமும் வேறு. ஒரே அச்சு வைத்துக்கொண்டு வெட்ட முடியாது, ஒவ்வொன்றையும் தனியாக வைத்துப் பார்த்துத்தான் சீவ வேண்டும். வள்ளத்தின் அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், வங்குக்கால் என்ற விலா மரம் வைப்பதும் இப்படித்தான். நடுவில் இருக்கிற கால் முன்னால் சேராது. வளைந்து வளர்ந்த கருவேலமாகத் தேடி எடுத்து, வைத்து வைத்துப் பார்த்து இழைப்போம். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றேன். கூட்டம் நகர்ந்துவிட்டது, வழிகாட்டி மட்டும் எனக்காக நின்றார்.

மகளை விட்டு ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். ஆணியே இல்லாமல் கட்டியது என்கிறார்களே, நிஜமா? தூணும் உத்தரமும் கழுந்தும் துளையுமாகப் பூட்டியவை, ஆனால் கைமரங்களுக்கு இரும்பாணி அடித்திருக்கிறார்கள் என்றார். அந்தப் பதிலுக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். பெருமைக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்லாமல் உள்ளதைச் சொன்னார்.

மரத்தின்மேல் பச்சையும் சிவப்புமாகப் பூசியிருக்கிறார்களே, அதற்குத் தான்சோங் என்று பெயர். அழகுக்கு மட்டும் இல்லையாம், மழையும் பூச்சியும் மரத்தை அண்டாமல் காக்கவும்தான். நாங்கள் வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசுகிற காரியம்தான் அது. மேடை ஓரத்தில் அண்டா மாதிரி ஒரு பெரிய உலோகப் பாத்திரம். அதில் தண்ணீர் நிரப்பி வைப்பார்களாம். தீப்பூதம் வந்து எட்டிப் பார்த்தால், தண்ணீரில் தன் முகத்தையே கண்டு பயந்து ஓடிவிடும் என்பது நம்பிக்கை. மர அரண்மனையில் இருந்தவர்களுக்கு நெருப்பு என்றால் எவ்வளவு பயம் இருந்திருக்கும்!

அடுத்துப் பார்த்த இடம்தான் என்னை உலுக்கிவிட்டது. அரசி தங்கிய தேஜோஜியோன். அதன் கூரையில் முகட்டு வரம்பு கிடையாது, ஓடு அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கத்துக்கு மடிந்து இறங்குகிறது. அரசரே நாகம், அவர் தலைக்குமேல் முகடு என்று இன்னொரு நாகம் படுக்கக் கூடாது என்று காரணம் சொன்னார் வழிகாட்டி. அந்தக் கட்டடமும் பக்கத்துக் கட்டடமும் 1917இல் எரிந்துபோயின. அப்போது கொரியா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. கியோங்போக்குங்கில் அரசரும் அரசியும் தங்கிய மாளிகைகளைப் பிரித்து, அந்த மரத்தைக் கொண்டுவந்து 1920இல் இவற்றைக் கட்டி முடித்தார்கள். கடைசிப் பேரரசர் சுன்ஜோங் 1926இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார்.

இதைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப்போனது. பழைய வள்ளத்தைப் பிரிக்கிற வேலையை நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். பலகை இடுக்கில் அடைத்த பஞ்சை உருவி எடுத்து, ஆணியைப் பிடுங்கி, நல்ல கட்டையைத் தனியாக அடுக்குவோம். பிரிக்கிற அன்றைக்குச் சொந்தக்காரர் கரைக்கு வரமாட்டார். எங்கள் வீட்டு வாசல் கதவு, 1964 புயலில் தனுஷ்கோடிப் பக்கம் உடைந்து ஒதுங்கிய வள்ளத்துப் பலகையில் தாத்தா செய்தது. இன்னும் ஆணித்துளை தெரியும், மழைக்காலத்தில் உப்பு பூக்கும். அங்கே தேஜோஜியோனில் ஒரு தூணை நெருங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதுவும் இரண்டு வீடு கண்ட மரமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. "என்னப்பா, கண்ணு கலங்குது" என்றாள். "ஒண்ணுமில்ல தாயி" என்றேன்.

பின்தோட்டம் அரண்மனை நிலத்தில் பாதிக்கு மேல். கூட்டம் சேராமல் இருக்க, நேரம் பிரித்து ஆள் கணக்கு வைத்துத்தான் விடுகிறார்கள். வெளியாட்கள் நினைத்தபோது நுழைய முடியாது. ஏற்ற இறக்கம் நிறைய. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள், நல்ல செருப்பு அவசியம். இலை எல்லாம் சிவந்து கிடந்த நேரம், எனக்கு ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர்.

புயோங்ஜி குளம் சதுரம், நடுவில் வட்டமாக ஒரு தீவு. பூமி சதுரம், வானம் வட்டம் என்ற பழைய எண்ணமாம். கரையில் உள்ள சின்ன மண்டபம் முன்னங்கால் இரண்டையும் குளத்துக்குள் இறக்கி நிற்கிறது. குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் போவது கல்தூண், அதற்குமேல்தான் மரம். நனைந்தும் காய்ந்தும் இருக்கிற இடத்தில்தான் மரம் முதலில் உளுக்கும். பாலத்துக்குப் பக்கத்தில் தொழில் செய்கிற எனக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கொத்தனும் தச்சனும் கூடிப் பேசித்தான் செய்திருக்கிறார்கள். எதிர்மேட்டில் ஜியோங்ஜோ அரசர் 1776இல் அமைத்த அரச நூலகம். அதற்கு ஏறுகிற வாசலுக்கு மீன்-நீர் வாசல் என்று பெயர். நீரை விட்டு மீன் வாழாது, அதுபோல அரசர் குடிகளை மறந்து வாழக் கூடாது என்று வழிகாட்டி விளக்கம் சொன்னார். பாம்பன்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று குளம், மண்டபம் பார்த்தோம். ஒரே கல்லில் குடைந்த ஒரு வாசலில் நுழைந்தால் முதுமை வராதாம், எல்லாரும் இரண்டு தடவை நுழைந்தார்கள்.

போகிறவர்கள் தோட்டத்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள், இலை சிவக்கிற காலத்தில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். திங்கட்கிழமை விடுமுறை. தமிழில் சொல்ல ஆள் இல்லை, ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒன்று கூட இருந்தால் போதும். அரைநாளை இதற்கு மட்டுமே ஒதுக்குங்கள்.

அடுத்த வருடம் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், அவரும் ஓடாவிதான். ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன். நாங்கள் வள்ளத்தைப் பிரித்தால், எந்தக் கட்டை எங்கே இருந்தது என்று உளியால் கீறி அடையாளம் போடுவோம். கியோங்போக்குங்கில் அந்த மாளிகைகளைப் பிரித்தவர்கள் எப்படி அடையாளம் போட்டார்கள், அந்தக் கீறல் இன்னும் மரத்தில் இருக்கிறதா என்று அந்த வழிகாட்டி அம்மாவிடம் கேட்க வேண்டும்.