ஸ்ட்ராட்டா ஷன்ட் வால்வு: வசதியானது, ஆனால் காந்தம் ஆகாது

மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் இறக்கும் ஷன்ட் குழாயில், எவ்வளவு வடியலாம் என்று முடிவு செய்வது தோலுக்கடியில் இருக்கும் வால்வுதான். மெட்ரானிக் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டா வால்வில் 0.5 முதல் 2.5 வரை ஐந்து அளவுகள். எண் குறைந்தால் வடிவது கூடும். மறுபடி கத்தி வைக்காமல், வெளியே காந்தக் கருவியைப் பிடித்தே மருத்துவர் அளவை மாற்றிவிடலாம். இதற்காகவே வாங்கலாம்.

பலவீனமும் அதே காந்தம்தான். எம்.ஆர்.ஐ. எடுத்தால் அளவு நகரக்கூடும். அன்றே சரிபார்த்துவிட வேண்டும். ஹெட்போன், காந்த மூடி வைத்த டேப்லெட் உறை எல்லாம் வால்வை விட்டு 5 செ.மீ.க்கு மேல் தள்ளியே இருக்கட்டும். இந்த விஷயத்தில் 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) வரை எம்.ஆர்.ஐ.யைத் தாங்கும் செர்டாஸ் பிளஸ் என்ற இன்னொரு வால்வு ஒரு படி மேல்.

எந்த வால்வும் அடைப்பைத் தடுக்காது. பெரும்பாலும் அடைவது மூளைக்குள் இருக்கும் குழாய் நுனி. காலையில் மோசமாகும் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், மேலே பார்க்க முடியாத கண்கள், குழந்தைக்குப் புடைத்த உச்சிக்குழி: உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எழுந்து நின்றால் வலித்து, படுத்தால் குறைந்தால் அதிகம் வடிகிறது என்று சந்தேகிக்கலாம். காய்ச்சலோடு குழாய் வழியெங்கும் சிவந்தால் தொற்று. வால்வை விரலால் அமுக்கிப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அந்தச் சோதனை நம்பத்தக்கதல்ல. நன்றாக இருந்த நாளில் எடுத்த ஸ்கேனும், வால்வின் பெயரும் அளவும் எழுதிய அட்டையும் கைவசம் இருந்தால், மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.