சாதா ஃபேனா, பிஎல்டிசியா? முதலில் ஈபி கார்டை எடுத்துப் பாருங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, நாங்குநேரி பக்கமெல்லாம் பட்டாசல் (வீட்டுக் கூடம்) ஃபேனுக்கு ஓய்வு கிடையாது. பகலெல்லாம் வெயில் குடித்த தட்டட்டி (மொட்டைமாடித் தளம்) ராத்திரி முழுக்கச் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடுகிற சாமானை, வாங்குகிற விலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. என் சாய்வு, மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் பக்கம்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் இல்லை, எல்லா அறைக்கும் இல்லை.

காற்றின் அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டிலுமே இறக்கை சுற்றும் வட்டத்தின் அகலம் 1,200 மி.மீ.தான். சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் மோட்டாரில் இருக்கிறது. பிஎல்டிசியில் சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தம், அதை ஓட்ட ஒரு எலெக்ட்ரானிக் போர்டு. சாதாவில் வைண்டிங்கும் கண்டென்சரும்.

கடைக்காரர் சொல்லும் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. “சாதா 75 வாட், இது 28 வாட்” என்பார். அந்த 75 வாட் உங்கள் வீட்டில் ஏற்கெனவே தொங்கும் பழைய ஃபேனுக்குப் பொருந்தும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம். அதனால் இன்று வாங்குகிற, ஒற்றை ஸ்டார் மட்டும் உள்ள சாதா ஃபேனே 52 வாட் சுற்றில்தான் இழுக்கும். பதினாறு மணி நேரம், இரண்டு மாதம் என்று வைத்துப் பார்த்தால் பழையது 72 யூனிட், புது சாதா 50, பிஎல்டிசி 27. புதுசுக்கும் புதுசுக்கும் உள்ள இடைவெளி 23 யூனிட்தான்.

இந்த 23 யூனிட் உங்கள் வீட்டில் எத்தனை ரூபாய் என்பதில்தான் முடிவு இருக்கிறது. மிச்சமாகும் யூனிட் எப்போதும் பில்லின் மேல்நுனியிலிருந்து, அதாவது விலை கூடிய கடைசிப் படியிலிருந்து கழியும். 2024 ஜூலைக் கட்டணப்படி சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் முடிகிற வீட்டில் மிச்சம் பூஜ்யம், அது ஏற்கெனவே இலவசம். 200-க்குள் நிற்கும் வீட்டில் யூனிட் 2.35 ரூபாய், ஆக ஒரு பில்லுக்கு 54 ரூபாய். 400-க்குள் என்றால் 4.70 வீதம் 108 ரூபாய். ஐப்பசி மழை முதல் தை வரை ஃபேன் வேலை குறைவு என்பதால் வருஷத்துக்கு நாலு பில் மட்டும் எண்ணுங்கள். கடைக்குக் கடை மாறினாலும் இரண்டுக்கும் விலை வித்தியாசம் 1,300 ரூபாய் சுற்றில் வரும். அது 400 யூனிட் வீட்டில் மூன்று வருஷத்தில் திரும்பும், 200 யூனிட் வீட்டில் ஆறு வருஷம் ஆகும்.

500-ஐத் தாண்டுகிற வீடுகளின் கதை வேறு. 501-வது யூனிட் விழுந்ததுமே 101 முதல் 200 யூனிட் வரைக்கான 2.35 ரூபாய் விலை போய்விடும், அந்த ஒரு யூனிட்டால் பில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். அப்படி 560 யூனிட் ஓடும் வீட்டில் மூன்று பழைய ஃபேன்களையும் பிஎல்டிசிக்கு மாற்றினால் 425-க்கு இறங்கும். ஒரே பில்லில் 1,200 ரூபாய்க்கு மேல் குறையும். இங்கே ஓடுகிற பழைய ஃபேனைக் கழற்றிப் போடுவதும் நியாயம்தான். அதனால் கடைசி ஆறு பில்லின் யூனிட்டையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ரிப்பேரில் சாதாவுக்கே வெற்றி. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போயிருக்கும், ஐம்பது ரூபாய் சுற்றில் தீரும். கரகரத்தால் பேரிங். காயில் எரிந்தாலும் எந்தச் சிற்றூரிலும் வைண்டிங் கடை உண்டு. பிஎல்டிசியில் போர்டு போனால் அதே மாடலின் போர்டுதான் வேண்டும், வாரண்டி முடிந்திருந்தால் பல நூறு ரூபாய். அந்த நிறுவனத்தின் போர்டு உங்கள் ஊரிலேயே கிடைக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். சாதா ஃபேன் இருபது வருஷம் ஓடி எல்லோரும் பார்த்திருக்கிறோம். பத்து வருஷம் தாண்டிய பிஎல்டிசி நம் பக்கம் அரிது, ஆகவே போர்டின் ஆயுளுக்கு நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

போர்டு சீக்கிரம் சாவதற்கு நம் கை வேலையும் ஒரு காரணம். பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டு மாட்டிவிடுகிறார்கள். ரெகுலேட்டர் நறுக்கிக் கொடுக்கும் மின்சாரத்தில் போர்டு சூடேறிப் போய்விடும். மெயினை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, அதன் இரண்டு வயரையும் நேராக இணைத்து, சுவிட்சை மட்டும் விட வேண்டும். இன்னொன்று, ரிமோட்டில் அணைத்தாலும் போர்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சுவர் சுவிட்சை அணையுங்கள்.

வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் பிஎல்டிசி வேகம் குறையாமல் சுற்றும், சாதா தவழும். இன்வெர்ட்டர் வீட்டில் பேட்டரியும் ராத்திரி வெகுநேரம் தாங்கும். பீடித் தட்டை மடியில் வைத்து வேலை செய்கிறவர்களுக்குத் தூள் பறக்காமல் மெல்லிய காற்று போதும். அந்த வேகத்தில் இது பத்துப் பன்னிரண்டு வாட்தான் இழுக்கும்.

ஆக, பட்டாசலுக்கும் படுக்கையறைக்கும் பிஎல்டிசி. அரைமணி நேரம் ஓடும் சாமி அறைக்கும் விருந்தாளி அறைக்கும் சாதாவே போதும். ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும் தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் நாலு பில்லை மூன்றாகக் குறைத்துக் கணக்குப் போடவும். ஆச்சியோ தாத்தாவோ படுக்கும் அறை என்றால், சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டாலே வேகம் மாறுகிற மாடலாகக் கேட்டு வாங்குங்கள். நடுராத்திரியில் ரிமோட்டைத் தேட அவர்களால் முடியாது.